ஓடத்தின் அடியில் இருப்பது



பாய்மரப் படகு ஒன்று நீரில் செல்லக் காண்போர் முதலில் நோக்குவது பாயை. அடுத்து நோக்குவது பாய்மரத்தை. பிறகு அதைச் செலுத்துபவரை. அப்படகைக் கவிழாமல் நிறுத்துகின்ற பொருளை எவரும் நோக்குவதில்லை. ஏனெனில் அது நீருக்குள் இருக்கிறது. படகின் முன்தலையிலிருந்து பின்தலைவரை அடியில் ஓடும் முதுகெலும்பு போன்ற அக்கட்டைக்கு 'ஏரா' என்னும் பெயர் தமிழ் அகராதிகளில் காணப்படுகிறது. மலையாளத்தார் 'ஏராவு' என்பர். எல்லைக்கு இருபுறமும் ஒரே சொல் வழங்குவது, இரு மொழியினரும் ஒரே கடலிலும் ஒரே ஆறுகளிலும் படகு விட்டவர்கள் என்பதற்கு ஒரு சான்று. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது இந்த ஏராவில் ஒரு வகை. வேண்டும்போது தாழ்த்தவும் வேண்டாதபோது மேலே தூக்கவும் இயலுகின்ற 'மடங்கு ஏரா'. அதனை எவ்வாறு சோதிப்பது, எவ்வாறு பேணுவது என்பதே பேச்சின் பொருள்.

வெளிமாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்தும் நமக்கும் படகின் அடிக்கட்டைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு இருவகையில் உண்டு. மும்பைத் துறைமுகத்திலும், ஐதராபாத்து உசேன் சாகரிலும், போபால் மேலேரியிலும், புனேக்கு அருகிலுள்ள கடக்வாசலாவிலும் பாய்மரப் படகுப் பயிற்சி நடைபெறுகிறது. அங்கெல்லாம் வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் அதிற் சேரக்கூடும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021ஆம் ஆண்டு, பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் புகழ் பெற்ற பின்னர் இவ்விளையாட்டின்மேல் நம்மவர்க்கு ஆர்வம் பெருகியிருப்பது இயல்பே. இது முதல் தொடர்பு.

இரண்டாவது தொடர்பு சற்றுத் துயரமானது. விடுமுறைக்கு ஊர் வருகின்ற குடும்பங்கள் கம்பம், கூடலூர் வழியாக மலையேறிக் குமுளியை அடைந்து, தேக்கடியில் படகில் ஏறிக் காட்டு விலங்குகளைக் கண்டு வருவது நெடுநாளைய வழக்கம். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலங்களிலிருந்து வந்த பயணிகள். படகில் ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர் என்பதும், கரையில் தோன்றிய விலங்குகளைக் காணப் பலர் ஒரே பக்கமாக நகர்ந்தனர் என்பதும் அப்பொழுது வெளிவந்த செய்திகள். நாளடைவில் அச்செய்தி பழையதாகிவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் பழையதாகவில்லை. படகு கவிழ்வதற்குப் புயல் வேண்டியதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதே போதும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 60 கிலோ வீதம் 20 பேர் படகின் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஓரத்திற்குச் சென்று நின்றால், 1200 கிலோ எடை 2 மீட்டர் நகர்ந்ததாகிறது. இரண்டையும் பெருக்கினால் 2400. இத்தனை கிலோ-மீட்டர் திருகுவிசை படகை ஒரு பக்கம் சாய்க்க முயல்கிறது. அவர்கள் மேல்தளத்தில் நின்றால் படகின் எடைமையமும் உயர்ந்துவிடும். ஆகவே அது எளிதிற் சாயும். இதை எதிர்த்து நிற்பதற்குப் படகினிடம் இருப்பவை இரண்டே. ஒன்று அதன் அகலமும் உடலின் வடிவமும். மற்றொன்று அதன் அடியில் தாழ இருக்கும் எடை. அகலத்தை நம்பும் படகு சிறிது சாயும்வரை உறுதியாக நிற்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் திடீரென்று கவிழும். அடியெடையை நம்பும் படகோ காற்றுப்பட்டவுடன் எளிதிற் சாய்ந்துகொடுக்கும். ஆனால் சாயச் சாய அதன் எதிர்ப்பு வலுக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தட்டிப் பார்த்தவர்க்கு இந்த உண்மை தெரியும்.

தேக்கடியில் ஓடுபவை இயந்திரப் படகுகள். அவற்றுக்கு மடங்கு ஏரா கிடையாது. ஆயினும் அந்த ஏரியின் இயல்பே மடங்கு ஏரா ஏன் தோன்றிற்று என்பதை நன்கு விளக்கிவிடும். அது இயற்கையான ஏரியன்று. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் தலைமையில் கட்டப்பெற்று 1895இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர் அது. அந்நீரே மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்ந்து, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களை வளப்படுத்துகிறது. காடு மூழ்கி நூற்றாண்டுக்கு மேலாகியும், பட்ட மரங்களின் அடிகள் இன்னும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன; நீருக்குள் மறைந்து நிற்பனவும் உண்டு. நீர்மட்டமும் நிலையானதன்று. சுரங்கத்தின் வாய் 104 அடியில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த உயரம் 142 அடி. இவ்விரு அளவுகளுக்கிடையே மழையையும் பாசனத்தையும் பொறுத்து நீர் ஏறியிறங்கும். இன்று 20 அடி ஆழமிருக்கும் இடத்தில் சில திங்கள் கழித்து முழங்காலளவு நீரே இருக்கக்கூடும். பாலக்காட்டுப் பக்கத்தில் மலம்புழை, பரம்பிக்குளம் போன்ற நீர்த்தேக்கங்களின் இயல்பும் இத்தகையதே.

இத்தகைய நீரில் ஒரு பாய்மரப் படகு செல்ல வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பாய் காற்றைப் பிடிக்கும்போது படகு முன்னே மட்டும் செல்வதில்லை, பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. அத்தள்ளுதலைத் தடுப்பதற்கு நீருக்குள் ஆழமாக இறங்கிய ஒரு பரப்பு வேண்டும். கவிழாமலிருக்க அடியெடை வேண்டும். நிலையான ஏராவொன்றைப் பொருத்தினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் மரத்தடியிலோ சேற்றிலோ படகு சிக்கிக்கொள்ளும், கரையையும் அணுகாது. ஏராவே இல்லாமல் விட்டால் கரையை அணுகலாம். காற்றை எதிர்த்துச் செல்லவோ கவிழாதிருக்கவோ இயலாது. இந்த இரண்டுங்கெட்ட நிலைக்குக் கண்ட வழிதான் தூக்கி இறக்கும் ஏரா.

இவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. நம் கீழ்க்கடற்கரையில் கட்டுமரத்தில் பாய் விரித்துச் சென்ற மீனவர்கள், மரங்களுக்கிடையிலோ பக்கத்திலோ ஒரு பலகையை நீருக்குள் செருகிப் பக்கத் தள்ளுதலைத் தடுத்தனர். கரையை நெருங்கியதும் அதை உருவிக்கொண்டனர். ஐரோப்பியரிடையே ஜான் ஷாங்க் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1774இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தகைய பலகையைப் பொருத்திய படகொன்றைக் கட்டுவித்தார். அவர் முறைப்படி மூன்று இறங்கு ஏராக்களுடன் 1798இல் கட்டப்பட்ட 'லேடி நெல்சன்' என்னும் சிறு கப்பல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. பின்னாளில் மெல்போர்ன் நகரம் எழுந்த போர்ட் பிலிப் விரிகுடாவினுள் 1802இல் புகுந்தது அக்கப்பலே. ஆழமறியாத கரைகளை ஆராய்வதற்கு அதன் ஆழமற்ற அடி பெரிதும் உதவிற்று. அவை நேராக மேலும் கீழும் இயங்கியவை. ஒரு முனையில் அச்சாணி கொண்டு மடங்கும் பலகை அதற்குப் பின்னர் வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். பயிற்சிக் குளங்களில் பிள்ளைகள் செலுத்தும் சிறு படகுகளில் இருப்பது பெரும்பாலும் எடையற்ற பலகை. அது பக்கத் தள்ளுதலைத் தடுக்கும். படகை நிமிர்த்துவது செலுத்துபவரின் உடலெடையே. மடங்கு ஏரா என்பது எடையும் உடையது. சான்றாக, அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கி, 15,000க்கு மேல் கட்டப்பட்ட 'கேட்டலினா 22' என்னும் 22 அடிப் படகின் மடங்கு ஏரா வார்ப்பிரும்பாலானது; எடை ஏறத்தாழ 250 கிலோ. தூக்கிவைத்தால் அப்படகு 2 அடி நீரிலேயே மிதக்கும். இறக்கினால் 5 அடி ஆழம் வேண்டும். நம் நாட்டில் எடைகொண்ட மடங்கு ஏரா அருகியே காணப்படினும், அதன் உறுப்புகளை அறிந்தவர்க்கு எடையற்ற பலகையைச் சோதிப்பது எளிது.

அந்த 250 கிலோ என்ன செய்கிறது? ஏராவின் எடைமையம் அச்சாணிக்குக் கீழே 70 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். படகு 30 பாகை சாய்ந்தால் அவ்வெடை பக்கவாட்டில் 35 சென்டிமீட்டர் விலகி நின்று படகை நிமிர்த்த இழுக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் காற்று வரும் பக்கத்தில் நடுவிலிருந்து ஒன்றேகால் மீட்டர் தள்ளி அமர்ந்தால் எவ்வளவு பயனோ அவ்வளவு பயன். அம்மனிதர் தடுமாறி விழலாம், உறங்கலாம், ஏரா உறங்காது. ஆனால் ஒரு நிபந்தனை: அது இறங்கிய இடத்தில் இறங்கியபடியே நிற்க வேண்டும். படகு சாய்ந்து படுக்கும்போது ஏரா தன் பிளவுக்குள் மடங்கிக்கொண்டால், வேண்டிய நொடியில் அதன் உதவி இல்லாமற் போகும். ஆகவே மடங்கு ஏரா ஒரு வசதியைத் தருகிறது. அவ்வசதிக்கு விலையாக அசையும் உறுப்புகளை நம்மிடம் ஒப்படைக்கிறது. அசையும் உறுப்பு தேயும். நீருக்குள் அசையும் உறுப்பு கண்ணுக்குப் படாமல் தேயும்.

உறுப்புகள் எவை? ஏராவின் முன்முனையைத் தாங்கும் அச்சாணி. அவ்வாணியைப் படகுடன் பிணைக்கும் தாங்கிகளும் அவற்றின் போல்ட்டுகளும். பின்முனையைத் தூக்கும் எஃகுக் கம்பிவடம். அவ்வடம் வளைந்து செல்லும் கப்பி. வடம் படகினுள் நுழையும் குழாய். வடத்தைச் சுற்றும் கைவிஞ்சு. இறக்கிய ஏராவை அங்கேயே பிடித்துநிறுத்தும் பூட்டுப்போல்ட்டு. ஏரா மடங்கி உறையும் பிளவுப்பெட்டி. இவ்வெட்டையும் வரிசையாகக் காண்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னர் ஒரு பாதுகாப்பு விதி. சோதனைக்காகப் படகைக் கரையேற்றித் தாங்கிகளின்மேல் நிறுத்தும்போது, ஏராவின் எடை கம்பிவடத்தில் தொங்கக் கூடாது; அதன்கீழ் வலிய மரக்கட்டைகளை அடுக்கி, எடை முழுவதையும் கட்டைகளின்மேல் இறக்கிய பின்னரே கீழே கை நீட்டவேண்டும். வடத்தைச் சோதிக்கப் போகிறவன் அவ்வடத்தையே நம்பி 250 கிலோ இரும்பின்கீழ்ப் படுப்பது அறிவுடைமையாகாது.

முதலிற் கம்பிவடம். இதுவே அடிக்கடி கெடுவது. பழந்துணியொன்றை வடத்தைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்துச் செல்க. அறுந்த இழை முள்ளைப்போல் துணியைப் பற்றிக்கொள்ளும். வெறுங்கையால் தடவினால் அம்முள் கையைக் கிழிக்கும். கப்பியில் வளையும் இடத்தையும், முனையில் உலோகக் குழலுள் அழுத்திச் சேர்த்திருக்கும் இடத்தையும் சிறப்பாகக் காண்க. துருப்பிடிக்காத எஃகு என்று பெயரிருப்பினும், காற்றுப் புகாத அந்த இடுக்கில் உப்புநீர் தங்கினால் அதுவும் அரிக்கப்படும். வாயில் பழுப்புக் கறை தெரிவது அதற்கு அடையாளம். ஓர் இழை அறுந்திருந்தாலும் வடம் முழுவதையும் மாற்றுவதே முறை. ஓர் இழை அறுந்த வடத்தில் மற்ற இழைகளும் அதே அகவை உடையனவே.

வடம் ஏராவுடன் இணையும் இடத்தில் ஒரு சிறு ஆணியும், அது கழன்றுவிடாமல் காக்கும் கவட்டு ஊசியும் இருக்கும். விலையில் மிகச் சிறியது அவ்வூசி. அது தேய்ந்து வீழ்ந்தால் ஏரா முழுவதும் வடத்தினின்று விடுபடும். அப்பொழுது அது பிளவுக்குள் தாறுமாறாக வீழ்ந்து, பெட்டியை உடைத்துப் படகினுள் நீரைப் புகவிடவும் கூடும். ஆகவே ஆண்டுதோறும் பழையதை எறிந்துவிட்டுப் புதிய ஊசி போடுவது நன்று.

இரண்டாவது கப்பியும் குழாயும். கப்பி தடையின்றிச் சுழல்கிறதா, அதன் பள்ளத்தில் வடம் அறுத்த தடம் உண்டா என்று காண்க. குழாயைப் பற்றி மிகுந்த கவனம் வேண்டும். அதன் கீழ்வாய் நீருக்குள் திறந்திருக்கிறது. அந்த ரப்பர்க் குழாய் வெடித்தாலும், அதனைப் பிடிக்கும் வளையம் தளர்ந்தாலும், படகின் அடியில் ஓட்டை விழுந்ததற்குச் சமம். விரலால் அழுத்திப் பார்க்கும்போது குழாய் விறைத்திருந்தால், மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றினால், மாற்றிவிடுக. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வளையங்கள் இடுவது பாதுகாப்பு.

மூன்றாவது விஞ்சு. அதன் பற்களையும், பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்கையும் காண்க. பழைய மசகை மண்ணெண்ணெயால் கழுவிப் புதியது இடுக. ஏராவை இறக்கும்போது நாக்கை விடுவித்துத் தானே விழும்படி விடுகிறவர்கள் உண்டு. சுழலும் கைப்பிடி எலும்பை முறிக்கும். இறுதியில் ஏற்படும் அதிர்ச்சி அச்சாணியையும் தாங்கிகளையும் தாக்கும். கைப்பிடியை விடாமல் சுற்றியே இறக்க வேண்டும். முழுதாகத் தூக்குவதற்கு எத்தனை சுற்று என்று ஒரு முறை எண்ணிக் குறித்துக்கொள்க. அடுத்த முறை அவ்வெண்ணிக்கை மாறினால், எங்கோ ஏதோ மாறியிருக்கிறது; வடம் நீண்டிருக்கலாம், பெட்டியில் ஏதேனும் அடைத்திருக்கலாம். இச்சோதனைக்குச் செலவில்லை; படகைக் கரையேற்றவும் வேண்டியதில்லை.

நான்காவது அச்சாணி. தேருக்கு அச்சாணி எப்படியோ, மடங்கு ஏராவுக்கு இது அப்படி. வெண்கல ஆணி இரும்புத் துளைக்குள் இருக்கும் அமைப்பில், மென்மையான வெண்கலமே தேயும். படகு நிற்கும்போது சிற்றலையில் அடியிலிருந்து 'டொக்கு டொக்கு' என்னும் ஓசை கேட்கத் தொடங்கினால், ஏரா பக்கவாட்டில் ஆடுகிறது என்று பொருள். கரையேற்றியபின், ஏரா தடையின்றி அசையுமாறு வைத்து, அதன் நுனியை இருபுறமும் தள்ளி எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளந்து எழுதிவைக்க. ஓராண்டின் அளவு தனியே பெரிதாக எதையும் சொல்லாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் அளவுகளை அடுக்கிப் பார்த்தால் தேய்மானத்தின் வேகம் தெரிந்துவிடும். ஆணியை வெளியே எடுத்தால், நகத்தால் அதன்மேற் கீறிப் பார்க்க. நகம் ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அவ்வாணியின் காலம் முடிந்தது. ஏராவின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது ஆணி மட்டும் போதாது. துளையைச் சீர்செய்து உள்ளே புதிய உறை இடவேண்டும். வெண்கலத்திற்குப் பதிலாகக் கையிற் கிடைத்த இரும்பாணியைப் போடுவது கூடாது. அது துருவேறி வீங்கி, ஏராவை அசையவொட்டாமற் செய்துவிடும்.

ஐந்தாவது தாங்கிகளும் போல்ட்டுகளும். போல்ட்டுத் தலையைச் சுற்றித் துருக்கறை வழிந்திருந்தால், அல்லது அங்குள்ள கண்ணாடி இழைப் பரப்பில் நட்சத்திரம்போல் மயிர்க்கோடுகள் பரவியிருந்தால், உள்ளே நீர் புகுந்திருக்கிறது. கூடுதலாக முறுக்கிவிடுவதால் பயனில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக் காணவேண்டும். வெளியே முழுமையாகத் தோன்றும் போல்ட்டு நடுவில் பாதியாக மெலிந்திருப்பதுண்டு. 2014ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டிக் பெருங்கடலில் 'சீக்கி ரஃபிக்கி' என்னும் பிரிட்டிஷ் பாய்மரப் படகு தன் ஏராவை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அது மடங்கு ஏராவன்று. போல்ட்டுகளாற் பிணைத்த நிலையான ஏரா. அதுவும் பிணைப்பில் விட்டுப்போயிற்று. ஏராவைப் படகுடன் இணைக்கும் இடத்தைக் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்து அமைதியடைதல் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

ஆறாவது ஏராவின் உடல். வார்ப்பிரும்பு துருப்பிடித்துச் செதில்செதிலாக உரியும். அச்செதில்களைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைய தினமே எபாக்ஸிப் பூச்சு இடவேண்டும். ஓரிரவு விட்டால், நம் நாட்டு ஈரக்காற்றில் மறுநாட் காலை மீண்டும் துரு படர்ந்திருக்கும். பூச்சின்மேலும் துரு வளரும், உள்ளேயே வளரும். கடலில் விடும் படகுக்குக் கொட்டலசும் பாசியும் ஒட்டாதிருக்கச் செம்பு கலந்த வண்ணம் பூசுவர். அதனை வெற்றிரும்பின்மேற் பூசினால் செம்பும் இரும்பும் நீருக்குள் கூடி மின்கலம் போலாகி இரும்பு விரைவாக அரிக்கப்படும். இடையில் கனமான எபாக்ஸித் தடுப்பு இருத்தல் வேண்டும். ஆனால் கனம் என்பதற்கும் ஓர் அளவுண்டு. ஆண்டுதோறும் பூச்சின்மேற் பூச்சாக ஏற்றிக்கொண்டே போனால் ஏரா தடித்துப் பெட்டிக்குள் நுழையாமல் இறுகிவிடும்.

உலோக அரிப்பைத் தடுக்கத் தன்னையே பலிகொடுக்கும் சிறு உலோகக் கட்டியைப் பொருத்துவதுண்டு. உப்புநீருக்குத் துத்தநாகம் தகும். ஏரிகளின் நன்னீருக்கு மக்னீசியம் தகும். துத்தநாகக் கட்டியை நன்னீரில் விட்டால், அது கரையாமல் புதிதுபோலவே இருக்கும். காவலன் விழித்திருக்கிறான் என்று நாம் நினைப்போம், அவனோ உறங்குகிறான். பாதிக்கு மேற் கரைந்த கட்டியை மாற்றிவிடுதல் நன்று.

ஏழாவது பிளவுப்பெட்டி. கல், சிப்பி, மரச்சிம்பு, பிளாஸ்டிக்குப் பை ஆகியவை உள்ளே செருகிக்கொள்ளும். மூழ்கிய காடுகளின்மேல் நிற்கும் நீர்த்தேக்கங்களில் மரச்சிம்பே முதற் பகை. விளக்கொளியில் பெட்டியின் இருபுறச் சுவர்களையும் காண்க. பிளவின் ஓரத்தில் இழை நைந்திருந்தால் காயவைத்து அடைக்க வேண்டும். நீண்டநாள் துறையில் நிற்கும் படகில், வாரம் ஒருமுறையேனும் ஏராவைத் தூக்கியிறக்கினால் அடைப்பு சேராது.

எட்டாவது பூட்டுப்போல்ட்டு. திறந்த நீரில், காற்று வலுத்த வேளையில் ஏராவைத் தாழ்த்திப் பூட்டியே செல்லவேண்டும். படகு சாய்ந்து படுத்தால் அது மடங்காமலிருப்பதற்கு வேறு வழியில்லை. பூட்டியபடியே மரத்தடியில் மோதினால் அந்த அடி முழுவதும் அச்சாணியின்மேல் இறங்கும். ஆகவே ஆழங்குறைந்த இடத்தை நெருங்குமுன் பாயைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, பிறகு பூட்டைக் கழற்றவேண்டும். எங்கே பூட்டுவது, எங்கே கழற்றுவது என்பதைக் கரையிலேயே, அன்றைய நீர்மட்டத்தைக் கேட்டறிந்து முடிவு செய்க. மோதிவிட்டால், ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினாலும், அன்றே கரையேற்றித் தாங்கிகளைச் சோதிக்க.

இச்சோதனைகளுக்குக் காலம் எது? ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் வடத்தின் தெரியும் பகுதி, குழாய், பூட்டு ஆகிய மூன்றையும் காண்க. மாதந்தோறும் விஞ்சின் சுற்றுகளை எண்ணுக. ஆண்டுக்கொரு முறை படகைக் கரையேற்றி எட்டு உறுப்புகளையும் முழுதாகச் சோதிக்க. மும்பைப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாய்மரப் படகுகளைக் கரையேற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. அம்மாதங்களே சோதனைக்கு உகந்தவை. கண்டதை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுக. நாள், கண்ட உறுப்பு, அளவு, மாற்றிய பொருள் என நான்கு பத்திகள் போதும். படகு கைமாறும்போது அக்குறிப்பேடும் கைமாற வேண்டும். நினைவை நம்பிப் படகைப் பேணுகிறவர், 'போன ஆண்டுதானே பார்த்தோம்' என்பார். குறிப்பேடு அதனை நான்காண்டு என்று காட்டும்.

இனிப் படகு வைத்திராத பெரும்பாலான நேயர்களுக்கு ஒரு சொல். கேரளத்தில் 2002இல் குமரகத்தில் 29 பேர், 2007இல் தட்டேக்காட்டில் பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட 18 பேர், 2009இல் தேக்கடியில் 45 பேர், 2023இல் தானூரில் 22 பேர் எனப் படகு விபத்துகளில் மாண்டவர் தொகை சிறிதன்று. 1917ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகைப் பதிவு செய்யவும் காலந்தோறும் சோதித்துச் சான்று பெறவும் வகை செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'சர்வே' எனப்படும் அச்சோதனையை நிலத்திற்குச் சொல்வதுபோல் அளவை என்று பெயர்த்தால் பொருள் கெடும். அது கலத்தின் உடலையும் உறுதியையும் ஆராய்ந்து, இத்தனை பேரைத் தாங்கும் என்று உறுதிகூறும் செயல்.

அச்சான்றைக் கேட்பது பயணியின் உரிமை. படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் படியுங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். மிதவைச் சட்டையை அணியுங்கள். அதனை மடியில் வைத்திருப்பதிற் பயனில்லை. குழந்தைக்குக் குழந்தை அளவுச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். யானை தோன்றினாலும் காட்டெருமை தோன்றினாலும் இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். கரையில் நிற்கும்போதே படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஏறாதீர்கள். நூறு மைல் பயணம் செய்து வந்தோம், சீட்டும் வாங்கிவிட்டோம் என்னும் எண்ணம் அந்நேரத்தில் தலையெடுக்கும், அதற்கு இடங்கொடுத்தலாகாது. பிள்ளைகளைப் படகுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், 'படகின் அடிப்பலகையையும் அதன் அச்சையும் கடைசியாக எப்பொழுது சோதித்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் அக்கேள்வியால் வருந்தமாட்டார். குறிப்பேட்டைத் திறந்து காட்டுவார்.

படகின் மேற்பகுதி கெட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பாய் கிழிந்தால் தைக்கிறோம். வண்ணம் வெளுத்தால் பூசுகிறோம். அடியில் இருப்பது அறிவிப்பின்றித் தேய்கிறது. ஆகவே ஐயம் எழுந்தபின் பார்ப்போம் என்று அதனை விடலாகாது. ஐயம் எழுவதற்கு அங்கே ஒன்றும் கண்ணில் படப்போவதில்லை. நாள் குறித்து, முறை வகுத்து, கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. அவ்வாறு பார்க்கப்பட்ட ஓடத்தில் ஏறுகிறவர், கரையையும் காட்டையும் கவலையின்றிக் கண்டு மகிழலாம்.